விடுதிகள் கண்ட அண்ணல்

அண்ணல் அம்பேத்கரை அறியாதார் நம்முள் ஒருவரும் இலர். அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவர், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் சட்ட அமைச்சர், மகாட் குளத்து நீரை மக்களோடு சென்று அள்ளிப் பருகிய போராளி, 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பெருந்திரளான மக்களுடன் பௌத்தம் தழுவிய அறவோர் என்னும் செய்திகளை நம் பிள்ளைகள் மேடைதோறும் ஒப்புவிக்கக் கேட்டு வருகிறோம். அவற்றையே இவ்வெள்ளி விழா மலரிலும் மறுபடி அடுக்கிக் கூறுதல் வேண்டா என்பது நம் எண்ணம். அப்பெருமகனார் ஒரு சபையை முறைப்படி பதிவு செய்து, அதற்குச் செயலாளரையும் பொருளாளரையும் தேடிப் பிடித்து, நிதிக்காகப் பலர் வாயில்களில் ஏறி இறங்கி, ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதி நடத்தியவர் என்பது நம்முள் பலர் அறியாத செய்தியாகும். கல்விக் கழகம் ஒன்று வெளியிடும் மலரில் சொல்லத் தக்கது அந்தப் பகுதியே அன்றோ?

பீமராவ் 1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவில் மௌ என்னும் படைமுகாமில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் ஆங்கிலேயர் படையில் சுபேதாராக இருந்தவர். படையினர்க்கான பள்ளியில் ஆசிரியப் பணி ஆற்றியவர். மகர் குலத்தவராயினும் கல்வியின் அருமை உணர்ந்த இல்லம் அது. தாயாரை இளமையிலேயே இழந்த பீமராவ் சாத்தாராவில் பள்ளி சென்றார். ஆங்கு ஏனைய மாணவர்களோடு அவர் அமர்தல் இயலாது. தமக்கெனத் தனியாக ஒரு சாக்குத் துணியை வீட்டிலிருந்து கொண்டு சென்று விரித்து, வகுப்பின் மூலையில் அமர்ந்தார். பள்ளியைத் துப்புரவு செய்பவர் அச்சாக்கைத் தொட மறுத்தமையால், மாலையில் அதனைச் சுருட்டித் தாமே எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. தாகம் எடுத்தால் குழாயைத் தாமே திறத்தல் கூடாது. பள்ளிச் சேவகர் வந்து திறந்துவிட வேண்டும். சேவகர் வாராத நாளில் தண்ணீரும் இல்லை.

குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்த பின்னர் அவர் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். பம்பாய் போன்ற பெருநகரில், அரசாங்கம் நடத்திய பள்ளியில், நிலைமை மாறியிருக்கும் என நினைத்தல் இயல்பு. ஒரு நாள் ஆசிரியர் கணக்கொன்றைச் செய்யுமாறு அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். உடனே வகுப்பு முழுவதும் கூச்சலிட்டது. கரும்பலகைக்குப் பின்னால் மாணவர்கள் தம் உணவுப் பாத்திரங்களை வைத்திருந்தனர்; பீமராவ் அருகில் சென்றால் அவை தீட்டுப்படும் என்று ஓடோடிச் சென்று அவற்றை அப்புறப்படுத்தினர். சமற்கிருதம் பயில விரும்பிய அவருக்கு அது மறுக்கப்பட்டது. பாரசீகம் படிக்க நேர்ந்தது.

பம்பாயில் அவர்கள் குடியிருந்தது பரேல் பகுதியில் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த சால் என்னும் அடுக்குக் குடியிருப்பில். சமையல், உறக்கம், விருந்தினர், படிப்பு எல்லாம் ஒரே அறைக்குள் நடைபெற்றன. அவ்வறையில் தந்தையார் வகுத்த ஏற்பாடு நம் கருத்தை ஈர்க்கிறது. மாலையிலேயே மகனை உறங்கச் சொல்லிவிட்டு, ஓய்வு பெற்ற அம்முதியவர் தாம் விழித்திருப்பார். நள்ளிரவு கடந்து இரண்டு மணியளவில் மகனை எழுப்பிவிட்டு, மகன் படுத்திருந்த இடத்தில் தாம் படுப்பார். ஊர் அடங்கிய பொழுதில், மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் மகன் படிப்பார். இருவர் உறங்க இடமில்லாத வீட்டில் ஒருவர் விழித்தமையால் ஒருவர் படித்தார். பிற்காலத்தில் அண்ணல் விடுதிகளைப் பற்றி அத்துணை உறுதியோடு பேசியதற்கு வேர் இங்கே இருப்பதாக நாம் கருதுகிறோம்.

1907-இல் அவர் மெட்ரிக்குலேஷன் தேறினார். பெற்ற மதிப்பெண் 750-க்கு 282. நூற்றுக்கு முப்பத்தெட்டும் நிறையவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேர்ச்சிப் பட்டியல்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, இவ்வெண் ஆழ்ந்த சிந்தனையைத் தந்தது. இந்த மதிப்பெண்ணோடு ஒரு மாணவன் இன்று வந்து நின்றால் அவனுக்கு மேற்படிப்பு எதற்கு என்று கூறும் பெரியவர்கள் நம் தெருவிலேயே உண்டு. அன்றோ, அவர் சமுதாய மக்கள் அதனைப் பெருஞ்செய்தியாகக் கொண்டாடினர். சீர்திருத்தவாதி எஸ்.கே. போலே தலைமையில் பாராட்டுக் கூட்டம் நடைபெற்றது. பள்ளி ஆசிரியரான கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் அக்கூட்டத்தில் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசளித்தார். மாலை வேளைகளில் பூங்காவில் தனியே அமர்ந்து படிக்கும் அச்சிறுவனைக் கேளுஸ்கர் முன்பே கண்டு பழகியிருந்தார். பின்னர்ப் படிப்பைத் தொடரப் பணமில்லாது குடும்பம் தவித்தபோது, பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அழைத்துச் சென்றவரும் அவரே. மன்னர் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வழங்கினார். ஓர் ஆசிரியர் ஒரு மாணவனை அடையாளம் கண்டு இன்னொருவர் வாயிலுக்கு அழைத்துச் சென்றார், நடந்தது அவ்வளவே.

1912-இல் பி.ஏ. பட்டம், 1913-இல் பரோடா மன்னரின் உதவியுடன் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்க்கை, 1915-இல் எம்.ஏ.; அடுத்த ஆண்டு இலண்டன். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917-இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. ஒப்பந்தப்படி பரோடா அரசில் பணியேற்கச் சென்றவருக்கு அந்நகரில் தங்க இடம் கொடுப்பார் இல்லை. பார்சியர் விடுதி ஒன்றில் மாற்றுப் பெயரில் பதினொரு நாள் தங்கினார். உண்மை தெரிந்ததும் கையில் தடியுடன் பார்சியர் பன்னிருவர் வந்து நின்று வெளியேறச் சொல்லினர். கொலம்பியாவில் பயின்ற பேரறிஞர் அன்று ஒரு பொதுத் தோட்டத்தில் அமர்ந்து கண்ணீர் விட்டார். தலைக்கு மேல் ஒரு கூரை என்பது எத்துணைப் பெரிய பொருள் என்பதைச் சாத்தாராவில் ஒரு முறையும் பரோடாவில் ஒரு முறையும் அவர் உணர்ந்தார். பின்னர்ச் சில ஆண்டு பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து பணம் சேர்த்தும், கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜரின் உதவியும் பார்சி நண்பர் நவல் பதேனாவிடம் கடனும் பெற்றும் மீண்டும் இலண்டன் சென்று, படிப்பை முடித்து 1923-இல் பாரிஸ்டராகத் திரும்பினார்.

திரும்பியவர் என்ன செய்தார் என்பதே இனி நாம் கூற வருவது.

1924 மார்ச் 9 அன்று பம்பாய் பரேல் பகுதியில் உள்ள தாமோதர் மண்டபத்தில் ஒரு கூட்டத்தைக் கூட்டினார். தாழ்த்தப்பட்டோரின் துயரங்களை அரசுக்கு எடுத்துரைக்கவும் அவர்தம் முன்னேற்றத்துக்கு உழைக்கவும் ஓர் அமைப்பு வேண்டும் என்பது அக்கூட்டத்தின் முடிவு. அதன்படி அவ்வாண்டு ஜூலை 20 அன்று பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை தோன்றியது. ஒதுக்கப்பட்டோர் நலச் சபை என அதனைத் தமிழில் கூறலாம். 1860-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் அதனைப் பதிவு செய்தார். தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இங்குள்ள சங்கங்களும் அதே சட்டத்தின் கீழ்தான் பதிவு செய்யப்பட்டு வந்தன என்பதைப் பதிவேடு எழுதிப் பழகிய நம் உறுப்பினர் அறிவர்.

சபையின் நோக்கங்களைப் படித்தால் அவர் இளமையில் பட்டவை நினைவுக்கு வரும். மாணவர் விடுதிகள் திறந்து கல்வி பரப்புதல் முதலாவது. நூலகங்கள், படிப்பு வட்டங்கள், சமூக மையங்கள் அமைத்துப் பண்பாட்டை வளர்த்தல் அடுத்தது. தொழிற்பள்ளிகளும் வேளாண் பள்ளிகளும் தொடங்கிப் பொருளாதார நிலையை உயர்த்துதல், குறைகளை அரசிடம் முறையிடுதல் ஆகியன பின்னர் வருவன. முறையீடு கடைசியில் நிற்பதை இளைஞர்கள் கவனித்தல் நன்று.

சபையின் தலைவர் சர் சிமன்லால் செதல்வாட். பம்பாயின் புகழ் பெற்ற வழக்கறிஞர், பல்கலைக்கழகத் துணைவேந்தர். துணைத் தலைவர்களுள் கணித அறிஞர் பராஞ்சபேயும், பிற்காலத்தில் பம்பாய் மாகாணத்தின் பிரதமராக வந்த பி.ஜி. கேரும், பார்சியர் சிலரும் இருந்தனர். தாழ்த்தப்பட்டோருக்கான சபைக்குத் தலைமை ஏன் பிறரிடம் சென்றது என்ற வினா எழுவது இயல்பே. பணமும் அரசாங்கத்தாரிடம் செல்வாக்கும் அன்று அவர்களிடமே இருந்தன. அவற்றை நல்வழியில் திருப்பாமல் தொடக்கத்தில் ஒரு விடுதியையும் நடத்துதல் இயலாது என அண்ணல் அறிந்திருந்தார். ஆனால் அன்றாடப் பணிகளை நடத்திய நிர்வாகக் குழுவின் தலைவர் அம்பேத்கர். செயலாளர் சீதாராம் நாம்தேவ் சிவதர்கர் என்னும் பள்ளி ஆசிரியர். மேடையில் உள்ள நாற்காலியைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு அலுவலகத்தின் திறவுகோலைத் தம் மக்கள் கையில் வைத்துக் கொண்டார் எனலாம். சிவதர்கர் மகர் அல்லர், தோல் தொழில் செய்யும் சாம்பார் குலத்தவர் என்பதும் இங்குக் குறிக்கத் தக்கது. சபை ஒரு குலத்தின் சபையாகச் சுருங்கிவிடலாகாது என்பதில் அண்ணல் கருத்தாக இருந்தார்.

1925 ஜனவரி 4 அன்று சோலாப்பூரில் சபையின் முதல் மாணவர் விடுதி திறக்கப்பட்டது. உயர்நிலைப் பள்ளியில் பயிலும் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு உணவும் உறைவிடமும் மட்டுமன்றி, உடையும் எழுதுபொருள்களும் சபையின் செலவிலேயே அளிக்கப்பட்டன. அவ்விடுதி மாணவர் சரஸ்வதி விலாஸ் என்னும் மாத இதழ் ஒன்றையும் நடத்தினர். பம்பாயில் கட்டணமில்லாப் படிப்பகம் ஒன்றும், நம் இளைஞர் கேட்டு மகிழத் தக்கதாக, ஒரு ஹாக்கிக் குழுவும் சபையின் ஆதரவில் நடைபெற்றன. ஆலைப் பகுதி இளைஞர்கள் குடியிலும் சூதிலும் மாலைப் பொழுதைக் கழிப்பதை அறிவுரையால் மட்டும் தடுக்க முடியாது. அம்மாலைப் பொழுதுக்கு வேறொரு வேலை தர வேண்டும் என்ற நடைமுறை அறிவு அதில் தெரிகிறது.

இத்தனைக்கும் அண்ணலிடம் அப்போது செல்வம் ஏதும் இல்லை. வழக்கறிஞர் தொழிலில் வருவாய் சிறிதே. தீண்டத்தகாத பாரிஸ்டரிடம் வழக்கைக் கொண்டு வருவோர் அரியர். 1925 முதல் 1928 வரை ஒரு கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்துக் குடும்பத்தை ஓட்டினார். குடியிருப்பும் பரேலில் அதே வகைத் தொழிலாளர் குடியிருப்பில்தான்.

1927-இல் அவர் பம்பாய்ச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார். அவ்வாண்டு மார்ச்சில் கல்வி மானியத்தின்மீது அவர் ஆற்றிய உரை, ஆசிரியர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய ஒன்றாகும். தொடக்கப் பள்ளியில் சேரும் 100 பிள்ளைகளுள் நான்காம் வகுப்பை எட்டுவோர் 18 பேரே என்றும், ஏனையோர் மீண்டும் எழுத்தறியாமையில் விழுகின்றனர் என்றும் அரசின் அறிக்கையைக் கொண்டே எடுத்துக் காட்டினார். அரசு கல்விக்குத் தலைக்கு 14 அணா செலவிடுகிறது. மதுவின் மீதான வரியாகத் தலைக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் மக்களிடம் பெறுகிறது. மக்களிடம் பெறும் அளவையாவது கல்விக்குத் திருப்பித் தருதல் முறையன்றோ என்று வாதிட்டார்.

அதே உரையில் உதவித்தொகை பற்றி அவர் கூறிய கருத்து சிலருக்கு வியப்பளிக்கும். தாழ்த்தப்பட்ட மாணவர்க்குப் பணமாகத் தரும் உதவித்தொகை பெரும்பாலும் பயனற்றுப் போகிறது என்றார். வறுமையில் உழலும் பெற்றோர் அதனைக் குடும்பத்துக்கு வந்த உதவியாகவே கொள்வர். பிள்ளையின் படிப்புக்கு அது போய்ச் சேராது. பணம் கொடுத்தாலும் பிள்ளை வாழும் சூழல் அவனைப் பின்னுக்கு இழுக்கும். ஆதலின் அத்தொகையை விடுதிகள் நடத்தச் செலவிடுக. விடுதியில் தகாத சூழலிலிருந்து பிள்ளை விலகுகிறான், அவனைக் கண்காணிக்க ஒருவர் இருக்கிறார் என்பது அவர் வாதம். உதவித்தொகையால் உயர்ந்த ஒருவரே அவ்வாறு கூறினார் என்பதை எண்ணுக. பரோடா மன்னரின் 25 ரூபாய் அவருக்குப் பயன்பட்டது உண்மை. ஆயினும் விழித்திருந்து எழுப்பிவிட்ட தந்தை இல்லையேல் அப்பணம் என்ன செய்திருக்கும்? எல்லாப் பிள்ளைகளுக்கும் ராம்ஜி சக்பாலைப் போன்ற தந்தை வாய்ப்பதில்லை. விடுதி அத்தந்தையின் இடத்தை நிரப்ப வேண்டும் என்று அவர் நினைத்தார் எனக் கொள்வதில் தவறில்லை. நம் ஊரில் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையும் இறுதி வகுப்புப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்க்கு, இடையில் காணாமற்போன பெயர்கள் எவ்வளவு என்பது தெரியும். அப்பெயர்களுக்கு உரியோர் மந்த புத்தியினர் அல்லர். வீட்டில் விளக்கு இல்லாதவர், அல்லது தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்.

1928 ஜூனில் அண்ணல் ஒரு துணிவான செயலைச் செய்தார். நான்கே ஆண்டுகளான சபையைக் கலைத்துவிட்டு, கல்விக்கென்றே தாழ்த்தப்பட்டோர் கல்விக் கழகம் என்னும் புதிய அமைப்பைத் தொடங்கினார். தாம் நிறுவியது என்பதற்காக ஓர் அமைப்பைக் கட்டிக்கொண்டு அழும் வழக்கம் அவரிடம் இல்லை. உயர்நிலை மாணவர்க்கான ஐந்து விடுதிகளுக்கு அரசின் உதவியைப் பெற்றார். பன்வேல், தானா, நாசிக், புனா, தார்வார் ஆகிய ஊர்களில் அவை நடந்தன. அரசு மானியம் செலவுக்குப் போதவில்லை. ஊராட்சி அமைப்புகளிடமும் பார்சி, முகமதிய அறக்கட்டளைகளிடமும் வேண்டுகோள் விடுத்துத்தான் விடுதிகளை ஓட்ட வேண்டியிருந்தது. நாசிக்கில் விடுதிப் பொறுப்பை ஏற்று நடத்திய பாவுராவ் கெய்க்வாட் பின்னர்க் காளாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தின் தளபதியானார். விடுதியில் அரிசிக் கணக்கும் விறகுக் கணக்கும் பார்த்தவரே பல்லாயிரவரைத் திரட்டிப் போராட்டம் நடத்தவும் வல்லவரானார்.

இக்காலத்தில்தான், தாழ்த்தப்பட்டோரின் நிலையை ஆராய அரசு அமைத்த குழுவின் உறுப்பினராக அண்ணல் மாகாணம் முழுவதும் சுற்றினார். 1929-இல் சாலிஸ்காவ் என்னும் ஊரில் இறங்கியபோது, அங்குள்ள மகர் குடியிருப்பு மக்கள் அவரைத் தங்கிச் செல்லுமாறு வேண்டினர். மகரை ஏற்றிச் செல்ல டோங்கா எனப்படும் குதிரை வண்டிக்காரர் எவரும் உடன்படவில்லை. தலைவரை நடத்தி அழைத்துச் செல்வது தகாது என்று எண்ணிய அம்மக்கள், வண்டியை மட்டும் வாடகைக்குப் பெற்று, ஓட்டத் தெரியாத தம்மவர் ஒருவரைக் கொண்டு ஓட்டினர். சிறு பாலம் ஒன்றில் வண்டி மோத, அண்ணல் கல்தரையில் வீசப்பட்டார். கால் எலும்பு முறிந்து பல நாள் நடக்க இயலாது கிடந்தார். வண்டிக்காரன் எவனும் ஒரு பாரிஸ்டரைவிடத் தன்னை உயர்ந்தவனாகக் கருதக் கூடிய நாடு இது என்று அதனைப் பிற்காலத்தில் அவர் எழுதி வைத்தார். அம்மக்கள்மீது அவர் சினம் கொள்ளவில்லை.

அடுத்த பத்தாண்டுகளின் அரசியல் வரலாற்றை நாம் விரைந்து கடக்கிறோம். 1930 முதல் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் நம் இரட்டைமலை சீனிவாசனாருடன் அமர்ந்து வாதாடியதும், 1932 புனா ஒப்பந்தமும், 1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் பல நூல்களில் உள்ளன. ஒன்றை மட்டும் கூறுவோம். 1942 ஜூலையில் நாகபுரியில் நடந்த அகில இந்திய மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையைச் சேர்ந்த ந. சிவராஜ். அம்மாநாட்டில் அண்ணல் தம் மக்களுக்குக் கூறிய மூன்று கட்டளைகளை நம் சுவர்களில் கற்பி, ஒன்றுசேர், போராடு என எழுதி வருகிறோம். அவர் கூறிய வரிசையில் கிளர்ச்சி என்பது கல்விக்கு அடுத்ததாகவும், ஒன்றுசேர்தல் அதன் பின்னதாகவும் நிற்கிறது. படித்தவன் உள்ளத்தில் முதலில் ஒரு கிளர்ச்சி எழ வேண்டும். அஃதின்றிச் சேர்ந்த கூட்டம் நிலைக்காது என்பது நாம் கொள்ளும் பொருள். அதே நாளைகளில் அங்கு நடந்த பெண்கள் மாநாட்டில், பிள்ளைகளைப் படிக்க வைக்குமாறும் இளமை மணத்தைத் தவிர்க்குமாறும் தாய்மாரைக் கேட்டுக்கொண்டார்.

அவ்வாண்டே அவர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். பதவியைப் பயன்படுத்தி அவர் பெற்றவற்றுள் ஒன்று, தாழ்த்தப்பட்ட மாணவரின் உயர்கல்விக்கு ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய். மாணவர் சிலர் அயல்நாடு சென்று பயிலவும் வழி பிறந்தது. தாம் கப்பலேறியதுபோல் தம்மவர் பிள்ளைகளும் ஏற வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

1945 ஜூலை 8 அன்று மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு ஜூன் 20 அன்று பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கியது. சொந்தக் கட்டடம் இல்லை; போர்க்காலத்தில் படையினர்க்காக எழுப்பிய கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. பகலில் அலுவலகங்களில் உழைத்துப் பிழைக்கும் ஏழை மாணவர் படிக்கும் வகையில் காலை வகுப்புகள் அமைந்தன. எல்லாச் சாதியினருக்கும் கல்லூரி திறந்திருந்தது. முதல்வராக அமர்த்தியது எவரை? எல்பின்ஸ்டன் கல்லூரியின் முதல்வராக இருந்த சமற்கிருதப் பேரறிஞர் கஜேந்திரகட்கரை. தமக்குச் சமற்கிருதம் மறுக்கப்பட்ட நகரில், தாம் கண்ட கல்லூரிக்குச் சமற்கிருத அறிஞர் ஒருவரை முதல்வராக்கினார். பிறப்பைப் பாராமல் தரத்தைப் பார்த்தார் என்பதே செய்தி. கழகத்தின் அன்றாடப் பொறுப்புகளைச் சுமந்தவர் கமலாகாந்த் சித்ரே என்னும் நெடுநாள் தோழர். மாணவர்க்கென ஒரு நாடாளுமன்றமும் அக்கல்லூரியில் நடந்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எனப் பிரிந்து மாணவர் மசோதாக்களை விவாதிப்பர். நாட்டின் சட்ட அமைச்சரே அங்கு வந்து பேசியதுண்டு.

பின்னர் அவர் கண் மராத்வாடாவை நோக்கியது. நிசாம் ஆட்சியின் கீழ் நெடுங்காலம் கிடந்த, கல்வியில் மிகப் பின்தங்கிய பகுதி அது. பட்டப் படிப்புக்கு அப்பகுதி மாணவர் ஐதராபாத் போன்ற தொலைநகர்களுக்குச் செல்ல வேண்டியிருந்தது. 1950 ஜூனில் அவுரங்காபாத்தில், இன்று சத்ரபதி சம்பாஜிநகர் எனப்படும் ஊரில், கழகத்தின் கல்லூரி தொடங்கியது. 1951 செப்டம்பர் 1 அன்று குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அதன் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். அக்கல்லூரி பின்னர் மிலிந்த் மகாவித்யாலயம் என்றும், வளாகம் நாகசேனவனம் என்றும் பெயர் பெற்றன. மிலிந்தன் என்பான் மெனாண்டர் என்னும் கிரேக்க மன்னன்; பௌத்தத் துறவி நாகசேனரிடம் ஓயாது வினாக்கள் தொடுத்தவன். விடையளித்த துறவியின் பெயர் வளாகத்துக்கு. வினவியவன் பெயர் கல்லூரிக்கு. மாணவர் தங்க விடுதிகளும் அவ்வளாகத்திலேயே எழுந்தன. நோய் முற்றிய உடலோடும் அண்ணல் அங்கு வந்து தங்கிக் கட்டட வேலைகளைத் தாமே மேற்பார்வையிட்டார்.

இவ்வளவு செய்தவர் இறுதியில் மனநிறைவுடன் இருந்தாரா என்னும் வினாவை நாம் தவிர்க்க விரும்பவில்லை. 1956 மார்ச் 18 அன்று ஆக்ராவில் பேசியபோது, படித்தவர்கள் சமுதாயத்துக்குத் தொண்டு செய்வர் என்று தாம் நம்பியிருந்ததாகவும், எழுத்தர் வேலையில் அமர்ந்து தம் வயிற்றை நிரப்பிக்கொள்ளும் கூட்டத்தையே தம்மைச் சுற்றிக் காண்பதாகவும் கூறி வருந்தினார். சாக்குத் துணியைச் சுமந்தபோதும் பரோடாவில் தடிகளைக் கண்டபோதும் அவர் பட்ட துன்பம் பிறர் தந்தது. ஆக்ராவில் அவர் வெளியிட்ட துன்பம் விடுதிச் சோறு உண்டு வளர்ந்தோர் தந்தது. நம்மைப் போன்று அரசுப் பணியில் அமர்ந்தோர் அவ்வுரையைப் படித்தால் எளிதில் உறக்கம் வாராது. ஆயினும் அவர் அக்காரணத்தால் கல்லூரிகளை மூடிவிடவில்லை. அவ்வாண்டிலேயே பம்பாயில் சித்தார்த்தா சட்டக் கல்லூரி தொடங்கியது. டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார்.

அவர் மறைவுக்குப் பின் நாகசேனவனத்துக்குக் கூலி வேளாளர் பிள்ளைகள் தகரப் பெட்டியும் போர்வையுமாக வந்துகொண்டே இருந்தனர். அவுரங்காபாத்தின் பல்கலைக்கழகத்துக்கு அண்ணலின் பெயரைச் சூட்ட 1978-இல் மாநிலச் சட்டமன்றம் தீர்மானித்தபோது மராத்வாடாவில் தாழ்த்தப்பட்டோர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. பெயர் வந்தது 1994-இல்தான். அதற்கெல்லாம் முன்னரே, மிலிந்த் கல்லூரியில் ஆசிரியராக இருந்த கங்காதர் பான்தாவணே 1967-இல் அவுரங்காபாத்திலிருந்து ஓர் இதழைத் தொடங்கியிருந்தார். அஸ்மிதாதர்ஷ் என்னும் பெயரால் அறியப்பட்ட அவ்விதழில் தாழ்த்தப்பட்ட இளைஞர்கள் தம் வாழ்வைத் தம் மொழியில் எழுதத் தொடங்கினர். மராத்தி தலித் இலக்கியத்தை ஆராய்வோர் இன்றும் முதலில் புரட்டுவது அவ்விதழின் பக்கங்களையே.